காலியாக விடவும்

காப்பகத்து வார்டன் அம்மா போன் செய்தது ஒரு சின்னச் சந்தேகம் கேட்பதற்காகத்தான். குரலில் கோபமே இல்லை.

“ஏம்மா, கடிதத்துக்கு மேல நாலு வரியில சுருக்கம்னு ஒண்ணு வருதே, அதை யார் எழுதுறது? உங்க ஆபீஸ்ல யாராவது உக்காந்து படிக்கிறீங்களா?”

“இல்லைங்கம்மா. அதை ஏஐ எழுதுது.”

“ஏஐ வேண்டாம்னுதானே அமைப்புகள் பக்கத்துல அந்தப் பெட்டியைக் காலியா விட்டோம்? தேவையில்லைன்னா காலியா விடுங்கன்னு நீங்கதானே போட்டிருந்தீங்க?”

“எப்ப இருந்து இது வருதுங்கம்மா?”

“ஆச்சு, மூணு நாலு மாசம். நல்லாத்தான் எழுதுது, குத்தம் சொல்லல. யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை நல்லதா சொல்லலாமேன்னு கேட்டேன்.”

பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அந்தக் காப்பகத்தின் வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கொன்றுவிடுவேன் என்று துரத்தும் கணவர்களிடமிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் வார்டன் அம்மா எழுதும் கடிதங்கள் எல்லாம் எங்கள் மென்பொருளில்தான் இருக்கின்றன. அவை வெளியே போகக் கூடாது. போனால் ஒருத்தி எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் மென்பொருளுக்கு அறுபத்திரண்டு வாடிக்கையாளர்கள். பள்ளிக்கூடம், பல் மருத்துவமனை, லாரி கம்பெனி, வக்கீல் அலுவலகம் எல்லாரும் ஒரே மென்பொருளுக்குள் இருந்துகொண்டு தங்கள் தங்கள் கடிதங்களை எழுதுகிறார்கள். ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. விற்கப் போகும்போது முதலாளி இதை அடுக்குமாடிக் குடியிருப்பு என்பார். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு பூட்டு. அலுவலகத்துக்குள் நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஒண்டுக்குடித்தனம்.

முதலாளி என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். அவர்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் அலுவலகம். மாடியில் அவர்கள் குடும்பம். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறையில் நான். வாடிக்கையாளர்களின் போனை எடுப்பதும், திரையில் வரும் தமிழை எழுதுவதும் என் வேலை. மற்றபடி நான் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அதனால் வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்தார்கள், அது சுருங்கிப் பூச்சி ஆனது. மென்பொருளில் வரும் பிழைக்கும் ஆங்கிலத்தில் பூச்சி என்றுதான் பெயர் என்பதால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது.

கடிதத்தைச் சுருக்க எங்கள் மென்பொருளுக்குச் சொந்த மூளை கிடையாது. வெளியில் பெரிய ஏஐ கம்பெனிகள் இருக்கின்றன. கடிதத்தை அவர்களுக்கு அனுப்பி, விடையை வாங்கித் திரையில் காட்டும். அப்படி அனுப்புவதற்கு அந்தக் கம்பெனி ஒரு சாவி தரும். சாவி என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளச் சரம். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று தேர்ந்தெடுத்து, அந்தச் சாவியை ஒட்டுவதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பெட்டி உண்டு. பெட்டிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ‘தேவையில்லை என்றால் காலியாக விடவும்.’

அந்த வரி நான் எழுதியது.

போனை வைத்ததும் மின்னலிடம் போனேன். நிரல் எழுதுபவன். ‘மின்னல் மாதிரி முடிச்சிடுறேன்’ என்று சொல்லிச் சொல்லி மூன்று வாரம் இழுப்பவன்.

“சாவிப் பெட்டியைக் காலியா விட்டா என்ன ஆகும்?”

ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை நகர்த்தினான். “நம்ம பொதுச் சாவியை எடுத்துக்கும்.”

“நம்ம சாவியவா?”

“ஆமா பூச்சி. சொந்தச் சாவி இல்லாதவங்க பாவம் இல்லையா? புதுப் பதிப்புல அப்படித்தானே பண்ணோம்.”

“ஏஐயே வேண்டாம்னு நெனக்கிறவங்க?”

“அதுக்கு ஒரு பட்டன் இருக்கே. கீழ ‘மேம்பட்டவை’ன்னு இருக்கும், அதைத் திறந்தா உள்ள நாலாவது.”

“அதைப் போய் யார் திறப்பா?”

“தேவைப்படுறவன் திறப்பான்.”

“தேவையில்லைன்னா காலியா விடுன்னு வெளியவே எழுதியிருக்கு. அதைப் படிச்சிட்டு எவன் உள்ள போவான்?”

“அதை எழுதினது யாரு தாயே? நானா?”

நான்தான். சொந்தச் சாவி தேவையில்லை என்றால் என்று அவன் நினைத்தான். ஏஐ தேவையில்லை என்றால் என்று வார்டன் அம்மா படித்தார். இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில் கதவைத் திறந்து போட்டுவிட்டு நான் போயிருக்கிறேன். ஆனால் நான் கேட்டேன். அன்றைக்கே கேட்டேன். போனில் அலுவலகக் குழுவின் பழைய செய்திகளைத் தேடி எடுத்தேன். ‘காலியாக விட்டால் என்ன ஆகும்? அது தெரிந்தால்தான் எழுத முடியும்.’ அதற்கு அவன் போட்டிருந்த பதில் ஒரு கட்டைவிரல் படம். என்ன ஆகும் என்று கேட்டால் கட்டைவிரல்!

இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். தொந்தரவு செய்கிறோமோ என்று நினைத்து விட்டுவிட்டேன். ‘தொந்தரவோ’ என்கிற இந்த நினைப்பை என் மண்டைக்குள் ஏற்றியவர்கள் இப்போது கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

“பொதுச் சாவியில போனதெல்லாம் எங்க இருக்கும்?”

“அந்த ஏஐ கம்பெனியோட இணையப் பக்கத்துல, நம்ம கணக்குல. பிழை தேடறதுக்காகப் போன மாசம் பதிவை ஆன் பண்ணோம். அதுல இருந்து எல்லாம் நிக்கும்.”

“காட்டு.”

திறந்தான். லாரி கம்பெனியின் டயர் புகாருக்குக் கீழே யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல், அதற்குக் கீழே ஒரு மாணவனின் இடைநீக்கம். எல்லாம் ஒரே பட்டியல். எங்கள் மென்பொருளுக்குள் இருந்த கதவும் பூட்டும் இங்கே இல்லை, ஏனென்றால் போனது ஒரே சாவியில். தேடும் பெட்டியில் ‘காப்பகம்’ என்று தட்டினேன். நாற்பத்தொரு கடிதங்கள் வந்து நின்றன.

“இதை யாரெல்லாம் பாக்கலாம்?”

“நான், பாஸ்…” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாடிக்கையாளரான வக்கீலின் குமாஸ்தா.

“இவர் எப்படி இங்க?”

“மூணு வாரம் முன்னாடி வக்கீலுக்குச் சுருக்கம் தப்புத் தப்பா வந்துச்சு. போன் போட்டுக் கத்தினாரு. பெரிய ஆளு, பகைச்சுக்கக் கூடாது, என்ன போகுது என்ன வருதுன்னு அவங்களே பாத்துக்கட்டும், திறந்து விடுன்னு பாஸ் சொன்னாரு.”

“அவங்களோடது மட்டும்தானே தெரியும்?”

மின்னல் ஹெட்போனை முழுசாகக் கழற்றி மேசையில் வைத்தான். “அப்படிப் பிரிக்க முடியாது பூச்சி.”

முதல் கடிதத்தைத் திறந்தேன். ஒரு பள்ளித் தலைமையாசிரியைக்கு எழுதியது. இரண்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமியைத் தாயைத் தவிர வேறு யாரோடும் அனுப்ப வேண்டாம். தாயின் பெயர், மகளின் பெயர், பள்ளியின் பெயர், எந்த வாசல் வழியாக எத்தனை மணிக்கு அழைத்துப் போவார்கள் என்பது வரை அதில் இருந்தது. கடைசிப் பத்தியில், குழந்தையின் தந்தை தரப்பு வழக்கறிஞர் முகவரி கேட்டு வந்தாலும் தரக் கூடாது என்று எழுதி, அந்த வழக்கறிஞரின் பெயரையும் போட்டிருந்தார் வார்டன் அம்மா.

அதே வக்கீல். எந்தக் குமாஸ்தாவுக்கு நாங்கள் திறந்துவிட்டோமோ, அந்தக் குமாஸ்தாவின் வக்கீல்.

ஒரு தாளை எடுத்து நாற்பத்தொன்றையும் எழுத ஆரம்பித்தேன். தேதி, யாருக்கு எழுதியது, யாரைப் பற்றியது. பெட்டியைக் காலியாக விட்ட மற்ற வாடிக்கையாளர்கள் யார் யார் என்றும் பார்த்து என் போனில் குறித்துக்கொண்டேன். மின்னல் மாடிக்குப் போன் செய்தான். கடைசி வரியை எழுதி முடிக்கவும் அத்தான் படியிறங்கி வரவும் சரியாக இருந்தது.

நான் சொன்னதை அத்தான் நின்றபடியே கேட்டார். உட்கார்ந்தார். மின்னலின் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் தட்டினார். எனக்கு அப்போது ஒரு முட்டாள்தனமான நிம்மதி வந்தது, பெரியவர் ஒருவர் வந்துவிட்டார் என்று.

“முடிஞ்சுது,” என்றார்.

“என்ன முடிஞ்சுது அத்தான்?”

“காப்பகத்துக்கு ஏஐ ஆஃப். குமாஸ்தாவை நீக்கியாச்சு. பதிவை மொத்தமா அழிச்சாச்சு. இனிமே ஈ காக்காய்க்குத் தெரியாது.”

“அந்தக் குமாஸ்தா பாத்தாரா?”

“அவனுக்கு வேற வேலை இல்லையா?”

“பாத்தாரா, பாக்கலையா?”

“தெரியாது. அந்தப் பக்கத்துல யார் பாத்தாங்கன்னு எல்லாம் வராது. யாருக்கும் தெரியாதுன்னா நடக்கலைன்னு அர்த்தம். போய் வேலையைப் பாரு.”

“வார்டன் அம்மாகிட்ட சொல்லணும்.”

மின்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

“என்ன சொல்லணும்?” அத்தான் நாற்காலியைத் திருப்பினார். “சொன்னா அவங்க மட்டுமா போவாங்க? அறுபத்திரண்டு பேரும் மூட்டையைக் கட்டிடுவாங்க. உன் அக்காவும் புள்ளைங்களும் தெருவுல நிக்கிறதா?”

“ஒருத்தி புள்ளையோட தெருவுல நடந்து போறா அத்தான், தினம், அந்த வாசல் வழியா. வாசல்ல ஆள் நிப்பானா இல்லையான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?”

“நாடகம் போடாத. அந்த வரியை எழுதினது நீ. வெளிய வந்தா முதல்ல நாறப்போறது உன் பேரு. பத்தாங்கிளாஸ் தாண்டாதவளை நம்பித் தமிழ் எழுதக் குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிச்சுக்கணும்.”

“அடிச்சுக்குங்க. அடிச்சு முடிச்சிட்டு வார்டன் அம்மாவுக்குப் போன் பண்ணுங்க.”

என் வாயிலிருந்துதான் வந்தது. மின்னல் ‘ஐயோ’ என்றான். அத்தான் முகம் சிவந்து, “பூச்சிக்கு வாய் முளைச்சிருக்கு,” என்றார்.

சத்தம் கேட்டு அக்கா பாதிப் படி இறங்கி நின்றாள். கையில் ஈரத் துணி. “யாருடி அது கத்துறது? நீயா?”

“நான்தான்க்கா.”

“என்னவா இருந்தாலும் அவர் பாத்துப்பாரு. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்.”

“அவர் பாத்தாச்சுக்கா. அழிச்சிட்டாரு.”

“நீயும் இந்த வீட்லதாண்டி இருக்க,” என்றாள் அக்கா. மிரட்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சலாகச் சொன்னாள். அதுதான் என்னைக் கொளுத்தியது. கெஞ்ச வேண்டிய இடத்தில் எப்போதும் பெண்பிள்ளைகள் நிற்கிறோம், அழிக்க வேண்டிய இடத்தில் இவர்கள் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனைக்குப் போவதற்குள் வார்டன் அம்மாவுக்குப் போன் செய்து, “உங்க கடிதமெல்லாம் வெளிய போயிருக்குங்கம்மா,” என்றேன்.

“போன்ல பேசாத. நேர்ல வா. இப்பவே.”

மென்பொருள் சொல்லிக்கொடுக்க முன்பு ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். பேருந்தில் நாற்பது நிமிடம். அத்தான் பதினோரு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. நடந்தது நடந்துவிட்டது என்பதில் அல்ல, முடிஞ்சுது என்று அவர் சொன்ன விதத்தில்தான் என் கோபம் போய்ப் போய் முட்டியது. ஓட்டைப் பானையிலிருந்து தண்ணீர் போன பிறகு பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் போகவே இல்லை என்கிறார்.

இரும்புக் கதவுக்குள் நுழைந்ததும் குழந்தைகளின் செருப்புகள் அளவுவாரியாக வரிசையாக இருந்தன. வார்டன் அம்மாவின் அறையில் ஒரு இரும்பு அலமாரி, ஒரு மேசை. ஜன்னல் திரையின் ஓரங்களைச் சட்டத்தோடு சேர்த்து ஆணியடித்திருந்தார்கள். எனக்கு உட்கார நாற்காலி காட்டவில்லை.

நின்றபடியே சொன்னேன். சாவி, காலிப் பெட்டி, பொதுப் பட்டியல், குமாஸ்தா. ஒன்றையும் விடவில்லை. அவர் நடுவில் மூன்றே கேள்விதான் கேட்டார்: எந்தக் கடிதங்கள், எத்தனை நாள், யார் கண்ணில் பட்டிருக்கலாம். தாளை நீட்டினேன். பேனா நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

“இவ ஊர் மாறிட்டா. இவளும். இவளுக்குப் புருஷன் ஜெயில்ல. இவ…” பேனா நின்றது. பள்ளித் தலைமையாசிரியைக்கு எழுதிய கடிதம். எழுந்து கதவருகே போய் யாரையோ கூப்பிட்டார்.

வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். இடது புருவத்தின் குறுக்கே தையல் போட்ட தழும்பு. துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரு சின்னப் பாவாடையைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். வார்டன் அம்மா சொல்லச் சொல்ல அந்தப் பாவாடையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

“நான் எங்கம்மாவுக்கே சொல்லலையே,” என்றாள். “எங்கம்மா அழுதாங்க, எங்கடி இருக்கன்னு. அவங்களுக்கே சொல்லல. யார் சொன்னது?”

“நான் எழுதின ஒரு வரியால,” என்றேன். “அப்புறம் எங்க முதலாளி—”

“நீங்க யாரு?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “மணி என்ன?” என்று வார்டன் அம்மாவைக் கேட்டாள்.

“ஒண்ணே முக்கால்.”

“மூணு மணிக்கு ஸ்கூல் விடும்.”

“இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடலாம். பின்பக்கமா. வண்டிக்குச் சொல்றேன்.” என்னிடம் திரும்பினார். “நீ உக்காரு. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடு. கோர்ட்ல குடுக்கணும். அந்த வக்கீல் அந்த முகவரியோட வந்து நின்னா, அது எங்க இருந்து வந்துச்சுன்னு நான் காட்டணும்.”

அவர்கள் இருவரும் போனார்கள். நான் எழுதினேன். அவர்கள் சிறுமியோடு திரும்பியபோது முடித்திருந்தேன். வார்டன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரியிலேயே விரலை வைத்தார்.

“‘மென்பொருள் அமைப்பில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது.’ நேர்ந்துச்சா? மழை பெய்யற மாதிரி அதுவா நேர்ந்துச்சா?”

“இல்லைங்கம்மா.”

“இங்க வர்ற பொண்ணுங்க ஆஸ்பத்திரிச் சீட்டுல எல்லாம் ‘காயம் ஏற்பட்டது’ன்னுதான் எழுதியிருக்கும். காயம் ஏற்படாதும்மா. ஒருத்தன் உண்டாக்குவான். யார் பண்ணா, என்ன பண்ணான்னு எழுது.”

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘பெட்டியைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று நிரல் எழுதுபவரைக் கேட்டேன். அவர் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமலே அந்த வரியை நான் எழுதினேன். வக்கீலின் குமாஸ்தாவுக்கு முதலாளி பட்டியலைத் திறந்துவிட்டார். இன்று நான் சொன்ன பிறகு அவர் பதிவுகளை அழித்தார்.’ எல்லார் பெயரையும் போட்டேன். என் பெயரை முதலில். அத்தானின் பெயரை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

வெளியே சிறுமி, “மறுபடியுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “டீச்சர் என்னை நாளைக்கு முன்னாடி உக்காரச் சொன்னாங்கம்மா.” அவள் அம்மா இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வந்தாள். ஒன்றின் பிடி அறுந்துவிட்டது. நான் ஓடிப் போய்க் குனிந்தேன்.

“தொடாதீங்க,” என்றாள்.

கையை எடுத்துக்கொண்டேன். பையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். சிறுமி கடைசி வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். முறைக்கட்டும்.

வண்டி போன பிறகு வார்டன் அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். “எங்க போறாங்கன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

“சொல்லாதீங்கம்மா.”

“உங்க ஆளுங்களோட எனக்கு இனிமே ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. கடிதத்தை எல்லாம் பேனாவாலயே எழுதிக்கிறேன்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “வேற எத்தனை பேர் அந்தப் பெட்டியைக் காலியா விட்டிருக்காங்க?”

“பத்தொன்பது.”

“அவங்கள்ல யார் வேண்டாம்னு விட்டாங்க, யார் உங்க சாவி போதும்னு விட்டாங்க?”

“பாத்தா தெரியாதுங்கம்மா. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“அவங்களுக்கு யார் சொல்றது? உங்க முதலாளியா?”

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. போனில் அக்காவின் செய்தி இருந்தது: ‘வா, பேசிக்கலாம்.’ பேசுவோம். ராத்திரி வரைக்கும் பேசுவோம், என் துணிமணி வாசலுக்கு வரும் வரைக்கும் பேசுவோம். அதற்கு முன் நான் பேச வேண்டியவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுடைய எண்கள் எல்லாம் என் போனில்தான் இருந்தன, தினமும் அவர்களுக்குப் பதில் சொல்கிறவள் நான்தானே. பல் மருத்துவமனையை முதலில் கூப்பிட்டேன். வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள்.

“அமைப்புகள் பக்கத்துல சாவிப் பெட்டியைக் காலியா விட்டிருக்கீங்க. என்ன நெனச்சு விட்டீங்கன்னு தெரியணும்.”

“நாங்க நோயாளிங்க விவரம் எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு விட்டோம். ஏங்க, அதுல என்ன?”

“சொல்றேன்,” என்றேன்.